புரதத்தின் பாடபேதங்கள்

‘மொழிபெயர்ப்புக்குப் பிந்தைய மாற்றம்’ என்ற சொற்றொடர்தான் ஆங்கில இலக்கியம் படித்த என்னை இந்தப் பதிவேடுகளுக்குள் இழுத்தது. ஆர்.என்.ஏ.யின் நான்கு எழுத்துப் பாஷை, செல்லுக்குள் இருபது எழுத்துப் பாஷையாகிறது. அமினோ அமிலங்கள் அந்த இருபது எழுத்துக்கள்; அவை கோத்து வருவது புரதம். உயிரியல்காரர்கள் இதைத்தான் மொழிபெயர்ப்பு என்கிறார்கள்.

மார்கரெட் டேஹாஃப் 1965இல், அதுவரை தெரிந்திருந்த 65 புரதங்களின் வரிசைகளைப் புத்தகமாகத் தொகுத்தார். அமிலத்துக்கு ஓர் எழுத்து என்ற வழக்கமும் அவர் கொண்டுவந்ததே. மூலபாடம் அச்சேறிற்று. ஆனால் செல் மூலபாடத்தோடு நிற்பதில்லை. கோத்து முடித்த பிறகு, சமயத்தில் கோக்கும்போதே, இங்கே ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது, அங்கே ஓர் அசிட்டைலை. ஒரு நொதியை முடுக்கவும் அடக்கவும் பாஸ்பேட்டை ஒட்டிக் கழற்றினாலே போதும் என்று ஃபிஷரும் கிரெப்ஸும் 1950களில் காட்டினார்கள். (நோபல் பரிசு 1992இல்தான் வந்தது.) இருபது எழுத்தில் அடங்காத இந்த ஒட்டுக்களுக்கென ஜான் கராவெல்லி 1993இல் தொடங்கியது ‘ரெசிட்’. உயிர் தானே செய்துகொள்ளும் மாற்றங்களில்தான் அதன் அக்கறை.

பின்னால் வந்த ‘யூனிமாட்’ வேறு ஜாதி. அது மாஸ் ஸ்பெக்ட்ராமீட்டர்காரர்களுக்கானது. புரதத்தை டிரிப்சின் என்ற நொதியால் துண்டுகளாக வெட்டி, துண்டுகளை எடைபோடும் கருவி அது. ஒரு துண்டு 79.966331 டால்டன் கூடுதலாக நின்றால் பாஸ்பேட், 15.994915 என்றால் ஓர் ஆக்ஸிஜன். சாயங்காலம் டேலி ஆகாத தொகையை வைத்துக்கொண்டு விட்டுப்போன வவுச்சரைத் தேடும் எங்கள் பாங்க் வேலைதான். என்னைக் கவர்ந்தது இன்னொன்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில், அது செல் செய்ததா, ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்று செய்ததா, கைதவறி நேர்ந்ததா என்று குறித்திருக்கிறார்கள். பாடபேதம் என்ற ஒரே தலைப்பின்கீழ் ஏடு எழுதினவன் பிழையும் உரைகாரர் திருத்தமும் கலந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

புரதத்தை வெட்டுமுன், அதிலுள்ள சிஸ்டீன்கள் மறுபடி ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாதிருக்க அயோடோஅசிட்டமைடு சேர்ப்பார்கள். அது ஒவ்வொரு சிஸ்டீனிலும் 57.021464 ஏற்றும். யூனிமாட்டில் அதன் எண் 4. படிப்பவன் தன் வசதிக்குப் போட்டுக்கொண்ட பென்சில் குறி. இது ஒரு பக்கம். மறுபக்கம், தான் அழிக்கவேண்டிய புரதத்தின் லைசினில் செல், யூபிகிட்டின் என்ற சிறு புரதத்தைக் கட்டிவிடும். டிரிப்சின் வெட்டிய பின் யூபிகிட்டினில் மிஞ்சி லைசினில் தொங்குவது இரண்டு கிளைசின்கள்: 114.042927, எண் 121. அயோடோஅசிட்டமைடு வரம்பு மீறி லைசினிலும் இருமுறை ஏறிவிட்டால்? கார்பன் 4, ஹைட்ரஜன் 6, நைட்ரஜன் 2, ஆக்ஸிஜன் 2. இரண்டு கிளைசின்களும் அணுவுக்கு அணு அதேதான். ஓர் அசிட்டைலுக்கும் மூன்று மெதிலுக்கும் 0.036 வித்தியாசமாவது உண்டு, நல்ல தராசு பிரித்துவிடும். இங்கே எந்தத் தராசும் உதவாது. படிப்பவன் கைபட்ட இடம், செல் விதித்த மரண தண்டனையாகப் படிக்கப்பட்டுவிடும். 2008இல் ‘நேச்சர் மெதட்ஸ்’ இதழில் இதைச் சோதனையோடு எழுதினார்கள்.

நம் விமர்சனங்கள் இதற்குப் பிறகு எனக்கு வேறு மாதிரிப் படுகின்றன. கிணற்றைப் பற்றிய பத்து வரிக் கவிதையில் ஒருவர் அந்நியமாதலைக் கண்டெடுக்கிறார். அது கவிதையில் இருக்கவும் கூடும். காம்யுவைப் படித்துவிட்டு வந்தவர் ஏற்றியதாகவும் இருக்கக்கூடும். கட்டுரையில் இரண்டும் ஒரே எடை. வாசகனும் பிரதியை எழுதுகிறான், ஆகவே இந்தப் பேதமே அநாவசியம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எழுதட்டும். தான் எழுதியதற்குத் தனி எண் போடட்டும். எந்தச் சீசாவிலிருந்து ஊற்றினோம் என்று வேதியியல்காரன் சொல்கிறான், அதில் அவனுக்கு வெட்கமில்லை.

எதையும் ஊற்றாமலே படிக்கலாமே என்றால், சிஸ்டீன்கள் முறுக்கிக்கொள்ளும், பாடம் குழம்பும். பல ஆய்வுக்கூடங்களில் குளோரோஅசிட்டமைடுக்கு மாறினார்கள். அதுவும் சிஸ்டீனில் அதே 57.021464ஐத்தான் ஏற்றுகிறது. லைசினைத் தொடுவதில்லை, பெரும்பாலும்.