கொள்ளுப்பிட்டியில் கராத்தே: பயிற்சி வாரமொன்றின் குறிப்புகள்

திங்கட்கிழமை

கராத்தே யப்பானியக் கலையென்றே கொழும்பில் அறியப்படினும், அது ஒக்கினாவாத் தீவில் சீனக் கைப்போர் முறைகளோடு கலந்து வளர்ந்து, 1922இல் ஃபுனகோஷி கிச்சின் என்ற பள்ளி ஆசிரியர் தோக்கியோவில் அதனைச் செய்துகாட்டிய பின்னரே யப்பானெங்கும் பரவியது. காலி வீதியை அண்டிய மண்டபத்தில் இன்றைய மாலை முழுவதும் 'கட்டா'வுக்கே ஒதுக்கப்பட்டது. எதிராளி இல்லாமலேயே தடுப்பு, குத்து, உதை, திரும்பல் ஆகியவற்றை மாறாத ஒழுங்கில் தனித்துச் செய்யும் பயிற்சிக் கோவையே கட்டா எனப்படுகிறது. தொடக்கநிலையினர் கற்கும் ஐந்து 'ஹெய்யான்' கட்டாக்களின் மூலவடிவத்தை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒக்கினாவாவின் இதோசு அங்கோ பாடசாலை மாணவருக்கென அமைத்தார். முன்காலை மடித்து உடற்பாரத்தை அதன்மேல் இறக்கும் 'ஸென்குட்சு' நிலையில் பின்குதிகால் எழுந்துவிட்டால், தரையிலிருந்து இடுப்பு வழியாக ஏறவேண்டிய விசை அறுந்து, குத்து தோளின் வலுவை மட்டுமே நம்பி நிற்கிறது. இதனை ஆசிரியர் ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். நடுவயதில் பயிலத் தொடங்கியவரின் தொடைகளுக்கு அது விளங்க ஆண்டுகள் செல்கின்றன.

புதன்கிழமை

கடற்காற்றின் ஈரத்தில் பயிற்சி உடை காயாத மாதம் இது. எண்ணிக்கையும் கட்டளையும் வழக்கம்போல் யப்பானிய மொழியிலேயே ஒலித்தன: இச்சி, நி, சான். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வரும் தமிழ்ப் பிள்ளைகளும், அவர்களருகே நிற்கும் சிங்கள, முஸ்லிம் பிள்ளைகளும் எவருக்கும் தாய்மொழியல்லாத அவ்வெண்களுக்கு ஒரே கணத்தில் அடியெடுத்து வைக்கின்றனர். 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்திற்குப் பின் மொழியே மனிதரைப் பிரித்த நகரத்தில், எவரும் மற்றவர் மொழிக்குப் பணியத் தேவையற்ற இந்த ஒரு மணிநேரம், கலையின் எந்த நுட்பத்தினும் அரியது. 1942 ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் இதே கொழும்பைக் குண்டுவீசித் தாக்கின என்பதையும், 1951இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கை யப்பானிடம் இழப்பீடு கோரும் உரிமையைக் கைவிட்டது என்பதையும் இப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை

தரப்படுத்தல் பரீட்சை நெருங்குவதால் பெற்றோரின் பேச்சு முழுவதும் பட்டியைப் பற்றியதாகவே இருந்தது. பட்டியைத் தொன்மையான மரபின் சின்னமாகக் கருதுவோர் பலர். ஆனால் கறுப்புப் பட்டி குறிக்கும் 'டான்' என்னும் தரநிலையைக் கராத்தே இரவல் பெற்றது, 1882இல் கானோ ஜிகோரோ நிறுவிய கொடோகன் ஜூடோப் பள்ளியிடமிருந்தாகும். ஃபுனகோஷி தம் மாணவருக்கு முதன்முதலில் கறுப்புப் பட்டி வழங்கியது 1924இல்தான். கட்டாவின் வேர்களோ அதற்கு மிக முந்தியவை. ஒவ்வொரு தலைமுறையும் உடலால் உடலுக்குக் கையளித்த அறிவு அவற்றில்தான் உள்ளது. ஆகவே பட்டி மாறும் வேகத்தைக் கொண்டு பள்ளியை மதிப்பிடுவது தவறாகும். பிள்ளையின் இடுப்பில் என்ன நிறம் என்று வினவும் பெற்றோர், ஒருநாள் வீட்டு முற்றத்தில் முதல் ஹெய்யானைச் செய்துகாட்டச் சொல்லி, இறுதிவரை அமர்ந்து பார்ப்பார்களாக.