ஃப்ரிபூர்க்கில் இமாம் கஸ்ஸாலி

பேர்னிலிருந்து ரயிலில் அரைமணிகூட ஆகாது. ஃப்ரிபூர்க் நிலையத்தில் பிரெஞ்சும் ஜெர்மனும் கலந்து காதில் விழுகின்றன. பாறையை அறுத்துக்கொண்டு ஸரீன் ஆறு கீழே ஓட, மேட்டில் புனித நிக்கொலா பேராலயம் நிற்கிறது. நான் போனது நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் மிசெரிக்கோர்து பல்கலைக்கழக வளாகத்துக்கு.

1889இல் தொடங்கிய பல்கலைக்கழகம். இறையியல் துறையை டொமினிக்கன் துறவிகளிடம் ஒப்படைத்தார்கள். இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் அந்தச் சபைக்காரர். அவர் எடுத்துக்காட்டும் முஸ்லிம் அறிஞர்களில் கஸ்ஸாலியும் ஒருவர். ஆனால் ஐரோப்பா அன்று அறிந்த கஸ்ஸாலி முழு மனிதர் அல்லர்.

தத்துவவாதிகளின் கொள்கைகளை மறுப்பதற்கு முன், அவற்றைத் தொகுத்து ஒரு நூல் எழுதினார் கஸ்ஸாலி. 12ஆம் நூற்றாண்டில் தொலேடோவில் அது லத்தீனுக்குப் போனது. மறுக்கப்போகிறேன் என்று அவர் அறிவித்த முன்னுரை பெரும்பாலான லத்தீன் படிகளில் இல்லை. அதனால் தத்துவவாதி இப்னு சீனாவின் வழிவந்தவர் என்றே அங்கே பெயராகிவிட்டது. 1095இல் பாக்தாத் நிஜாமிய்யா மதரசாவின் பெரிய பதவியை உதறிவிட்டு டமாஸ்கஸ், ஜெருசலேம், மக்கா என்று அலைந்த சூஃபியை அவர்கள் காணவே இல்லை. உடல்நலத்துக்கு இலக்கணம் சொல்வது வேறு, நலமாக இருப்பது வேறு என்று தன் வரலாற்றில் எழுதியவர் அவர். மெய்ஞ்ஞானத்தைப் பற்றி இதைவிடத் தெளிவான பேச்சை நான் படித்ததில்லை. தர்க்கத்துக்குப் பயந்து ஓடியவர் சொன்னதல்ல இது. அதன் கடைசிப் படிவரை ஏறிப் பார்த்தவர் சொன்னது.

தமிழில் நமக்குக் கிடைத்தது இந்தச் சூஃபி வழிதான். தக்கலையில் ஆண்டுதோறும் பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியைப் பாடுகிறார்கள். குணங்குடி மஸ்தான் சாகிபைச் சித்தர்களோடு சேர்த்தே வாசிக்கிறோம். அந்தப் பாட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் தத்துவ விவாதத்தைத்தான் நம்மில் பலர் தொடுவதில்லை.

2015 முதல் இதே பல்கலைக்கழகத்தில் இஸ்லாமும் சமூகமும் குறித்த சுவிஸ் மையம் இயங்குகிறது. அது கூடாதென்று ஒரு கட்சி கையெழுத்துத் திரட்டியது. அந்தக் கோரிக்கை செல்லாது என்று மாநில மன்றம் முடிவுசெய்ய, கூட்டாட்சி நீதிமன்றமும் அதை ஏற்றது. நல்ல முடிவு. அக்வினாஸைப் படிக்கும் இடத்தில்தான் கஸ்ஸாலியையும் முழுதாகப் படிக்க வேண்டும்.

சுவிஸில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஜெர்மனோ பிரெஞ்சோ தண்ணீர்பட்ட பாடு. மெய்யியல் படிக்க அவர்களில் சிலராவது ஃப்ரிபூர்க்குக்கு வரட்டும். வரும்போது மஸ்தான் சாகிபு பாடல்களையும் பையில் எடுத்து வாருங்கள், பிள்ளைகளே.