என் பெயரில் இல்லாத கார்கள்

2009 முதல் 2023 வரை இருபத்து மூன்று கார்கள் எனக்குச் சொந்தமாக இருந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பதிவுச் சான்றிதழிலும் என் பெயர் இடம்பெற்றதில்லை. இதைச் சொன்னால் நண்பர்கள் வியப்படைவார்கள். தொழிலில் இருப்பவர்கள் எவரும் வியப்படைய மாட்டார்கள்.

பகலில் நான் கோவையில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவன். வீட்டுக்கடனின் மாதத்தவணை சம்பளத்தில் பாதியைத் தின்றுகொண்டிருந்த நாளில், எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் அண்ணன்தான் இந்த வழியைக் காட்டினார். முதலில் வாங்கியது 1998ஆம் ஆண்டின் மாருதி 800. விலை நாற்பத்தைந்தாயிரம். கிளட்ச் பிளேட், இரண்டு டயர், கொஞ்சம் தகரவேலை, பெயிண்ட் என்று பதினான்காயிரம் செலவாயிற்று. எழுபத்திரண்டாயிரத்துக்கு விற்றோம். மிஞ்சிய பதின்மூன்றாயிரத்தில் அண்ணனுக்குப் பாதி, எனக்குப் பாதி. அந்த ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் எனக்குத் தந்த உற்சாகத்தைப் பின்னாளில் எந்தத் தொகையும் தந்ததில்லை.

1983 டிசம்பரில் வெளிவந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியை, பழுதுபார்ப்பவனின் வண்டி என்றே சொல்லலாம். மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். தேவையான எந்தப் பாகமும் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் கிடைத்துவிடும். சனிக்கிழமை மாலையில் அங்கே போய் ஒரு கார்புரேட்டரையோ கதவுக் கைப்பிடியையோ பேரம் பேசி வாங்கி வருவது எனக்கு வாராந்திரக் கோயில் போல ஆகிவிட்டது.

வண்டியைப் பார்க்கும் கலையை அண்ணன் சிறிது சிறிதாகக் கற்றுத் தந்தார். போனவுடன் பானெட்டின் மேல் கையை வைக்க வேண்டும். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓட்டி வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த எஞ்சின் காட்டியிருக்கக்கூடிய குறையை மறைக்கிறார்கள் என்று பொருள். கதவின் ரப்பர் பட்டையை உரித்துப் பார்த்தால் ஆலையில் போட்ட வெல்டிங் புள்ளிகள் ஒழுங்கான இடைவெளியில் தெரியும். அவை இல்லையென்றால் அந்தப் பக்கம் அடிபட்டிருக்கிறது. துணி சுற்றிய காந்தத்தை உடம்பின்மேல் நகர்த்தினால், பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் பிடிப்பு விட்டுப்போகும். எண்ணெய் மூடியின் உட்புறம் மோர்போல வெளுத்திருந்தால் எண்ணெயில் நீர் கலந்திருக்கக்கூடும். புகை நீலமாக வந்தால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது. கறுப்பாக வந்தால் பெட்ரோலை. ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து அவர் வாழ்வைப் படிக்கும் கதாசிரியனுக்குக் கிடைக்கும் கர்வம் எனக்கும் கிடைத்தது. இந்த அறிவெல்லாம் வாங்கும்போது பயன்பட்டது. விற்கும்போது அதே அறிவை என்ன செய்வது என்பதை யாரும் கற்றுத் தரவில்லை.

அண்ணனிடம் அதற்கு ஒரு விதி இருந்தது. "கேட்டாச் சொல்லிப்போடு தம்பி. கேக்காட்டி நாமளா எதுக்குச் சொல்றது?" நல்ல விதியாகவே எனக்குப் பட்டது. பொய் சொல்ல வேண்டியதில்லை. கேட்கத் தெரியாதவர்களின் அறியாமையில் நம் லாபம் இருக்கிறது, அவ்வளவுதான்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். வண்டியை விற்பவர் 29, 30ஆம் எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டுத் தருவார். வாங்குபவரின் பெயரை எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். இடையில் நிற்கும் என் போன்றவன் அதை அப்படியே வைத்திருந்து, கடைசியில் வாங்குகிறவரின் பெயரை எழுதச் சொல்லிக் கொடுத்துவிடுவான். மாற்றுக் கட்டணம் மிச்சம். அதைவிட முக்கியம், உரிமையாளர் எண்ணிக்கை கூடாது. 'செகண்ட் ஓனர்' வண்டி 'தேர்ட் ஓனர்' ஆனால் விலை இறங்கும். இதிலிருந்த அபாயத்தை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. வண்டி பல கைகள் மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அதாவது, என் வாசலில் நின்ற ஒவ்வொரு காருக்கும் எங்கோ ஒரு பழைய உரிமையாளர் தமக்குத் தெரியாமலே பொறுப்பேற்றுக்கொண்டிருந்தார். நான் எதற்கும் பொறுப்பில்லாதவனாக, ஒரு காகிதத்திலும் இல்லாதவனாக இருந்தேன்.

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தது. அடுத்த சில மாதங்களில் சென்னைப் பதிவு எண் கொண்ட கார்கள் கொங்கு நாட்டுத் தரகர்களிடம் மலிவாகக் கிடைத்தன. ஒரு தரகர் கொண்டுவந்த சிறிய காரை ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு வாங்கினேன். அதன் வயதுக்கும் தோற்றத்துக்கும் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் தரலாம். மறுநாள் பட்டறையில் அண்ணன் ஓட்டுநர் இருக்கையின் சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தார். வழக்கமாகச் சுருளுக்குள்ளேயே கிடக்கும் கடைசி ஒரு சாண் நீளத்தில், வண்டல் நிறத்தில் ஒரு கோடு இருந்தது. தரைவிரிப்பைத் தூக்கினோம். அடியில் மெல்லிய சேறு காய்ந்து தூளாகியிருந்தது.

நின்றிருந்த நிலையில் மூழ்கிய வண்டி. ஓடும்போது மூழ்கியிருந்தால் எஞ்சின் நீரை உறிஞ்சிக் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். இதில் எஞ்சின் நன்றாகவே இருந்தது. இருக்கைகளைக் கழற்றி நான்கு நாள் வெயிலில் போட்டோம். வயர் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துடைத்தோம். ஆனால் நீர் புகுந்த இணைப்புகளின் செம்பு முனைகளில் பச்சை பூப்பது நாள்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் நடக்கும் வேலை என்பது அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செலவு இருபத்திரண்டாயிரம்.

வாங்க வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பொள்ளாச்சிப் பக்கம். மனைவிக்கு முழங்கால் வலி, பேருந்துப் படி ஏற முடிவதில்லை, அதற்காகவே முதன்முறையாகக் கார் வாங்குகிறார்கள். அந்த அம்மாள் பின்னிருக்கையில் ஏறியும் இறங்கியும் பார்த்துச் சிரித்தார். ஆசிரியர் காரைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். "எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. இதுல நாங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

அண்ணனின் விதிப்படியே கேட்டுவிட்டார். அண்ணன் ஸ்பேனரைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டார். நான் சொன்னேன்: "ஏ.சி. கேஸ் கொஞ்சம் கம்மியா இருக்குதுங்க சார். வெயிலுக்கு முன்னாடி ஒருக்கா அடிச்சுக்குங்க. பின்னாடி டயர் ரெண்டும் ஒரு வருஷம்தான் தாங்கும்."

இரண்டும் உண்மை. என் வாழ்வில் நான் சொன்ன மிகப்பெரிய பொய் அந்த இரண்டு உண்மைகள்தாம். சிறிய குறையைத் தானாகச் சொல்கிறவன் பெரிய குறையை மறைக்க மாட்டான் என்று நல்லவர்கள் நம்புவார்கள். அந்த நம்பிக்கையைத்தான் இரண்டு லட்சத்து முப்பத்தைந்தாயிரத்துக்கு விற்றேன்.

ஏழாம் மாதம் ஒரு காலையில் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. முந்தைய இரவு கிணத்துக்கடவுக்கு அருகே விளக்கு, எஞ்சின் எல்லாம் ஒரே கணத்தில் அணைந்து வண்டி நின்றுவிட்டதாம். இரண்டு மணி நேரம் சாலையோரம் நின்றிருக்கிறார்கள். குரலில் கோபம் இல்லை. "இங்க மெக்கானிக்குக்குப் புடிபடலைங்க. உங்களுக்கு ஏதாச்சும் தெரிஞ்சா அவருகிட்டச் சொல்லலாமேன்னுதான் கூப்பிட்டேன்" என்றார்.

அப்போது சொன்னேன். நீண்ட நேரம் மறுமுனையில் பேச்சே இல்லை. பிறகு சொன்னார்: "அன்னிக்கே சொல்லியிருந்தா வெலையக் கொறச்சு வாங்கியிருப்பனுங்க. வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டேன். ராத்திரிப் பயணம் மட்டும் வெச்சிருக்க மாட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்பதாயிரம் ரூபாயுடன் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வயரிங் மாற்றிய ரசீதை எடுத்துவந்து, பதினெட்டாயிரத்து ஐந்நூறை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டார். "மீதி உங்க கூலிங்க. வேலை செஞ்சிருக்கறீங்களே" என்றார். அந்த அம்மாள் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். என்னை அவர்கள் திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய ஒரு கட்டுரை பழைய கார்ச் சந்தையைப் பற்றியது. அங்கே பழுதான காரை எலுமிச்சை என்று சொல்வார்கள். மூன்று ஆய்விதழ்கள் மறுத்த பிறகே அந்தக் கட்டுரை வெளிவந்தது. 2001இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தபோது அதுவே முக்கியக் காரணமாயிற்று. விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாதபோது, வாங்குபவன் எல்லாக் கார்களையும் சராசரியாகச் சந்தேகித்து ஒரு சராசரி விலையே தருவான். அந்த விலைக்கு நல்ல காரை விற்க மனம் வராதவர்கள் சந்தையை விட்டு விலகுவார்கள். பழுதானவை மிஞ்சும் என்பது அதன் சாரம். படித்தபோது கணக்கு சரியாக இருந்தது. அந்தச் சந்தேகத்தை உற்பத்தி செய்தவர்களில் நானும் ஒருவன் என்பதுதான் உறுத்தியது.

அடுத்த காரிலிருந்து ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். வண்டியில் எனக்குத் தெரிந்த எல்லாக் குறைகளையும் ஒரு முழுத்தாளில் தமிழில் எழுதி, கீழே என் பெயரும் கையெழுத்தும் இட்டு, விலை பேசுவதற்கு முன்பே கையில் கொடுப்பேன். கார்பன் வைத்து எடுத்த நகல் என்னிடம் இருக்கும். நேர்மைக்கு உடனே பரிசு கிடைக்கும் என்று எதிர்பார்த்தேனென்றால், கிடைக்கவில்லை. முதல் தாளை வாசித்தவர், "இத்தன எழுதறவர் எழுதாம உட்டது எத்தனையோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டாமவர் ஒவ்வொரு வரிக்கும் ஐயாயிரம் குறைக்கச் சொன்னார். சந்தையில் எல்லோரும் ஒன்றும் இல்லை என்று சொல்லும்போது, எட்டுக் குறை சொல்பவனின் கார்தான் இருப்பதிலேயே மோசமானதாகத் தெரிகிறது. "தம்பி, இது யாவாரமில்ல, வாக்குமூலம்" என்று அண்ணன் சிரித்தார். ஆனாலும் தாளில் ஒரு வரி விட்டுப்போனால் அவரே நினைவூட்டத் தொடங்கினார்.

2016 வரை பதினைந்து கார்கள். பிறகு ஏழு ஆண்டுகளில் எட்டே கார்கள். ஒரு காருக்குக் கிடைத்த லாபமும் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. வீட்டுக்கடன் திட்டமிட்டதற்கு இரண்டு ஆண்டுகள் தாமதமாகவே முடிந்தது. 2023 ஏப்ரலில், பழைய வண்டி விற்பவர்கள் அங்கீகாரச் சான்று பெற்று, கைக்கு வரும் ஒவ்வொரு வண்டியையும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற மத்திய அரசின் விதி நடைமுறைக்கு வந்தது. நியாயமான விதி. அண்ணனுக்கும் கண்பார்வை மங்கிவிட்டது. புதிய வண்டிகளின் நோயைக் கைவைத்துச் சொல்ல முடியாது, கணினியைச் செருகித்தான் கேட்க வேண்டும். நிறுத்திக்கொண்டோம்.

சென்ற மாதம் பழைய கோப்புகளைக் கழித்துக்கட்டும்போது அந்த எட்டுக் கார்பன் நகல்களும் கிடைத்தன. ஹெட் கேஸ்கெட் ஒருமுறை மாற்றப்பட்டது, இடது முன்கதவு அடிபட்டுச் சரிசெய்யப்பட்டது, மழையில் பின்பக்கம் ஒழுகும் என்று வரிவரியாக இருக்கின்றன. நீல எழுத்து மங்கிவிட்டது. ஆயினும் படிக்க முடிகிறது. இருபத்து மூன்று கார்களில் எட்டுக்கு மட்டுமே என் பெயரும் கையெழுத்தும் உள்ள ஒரு காகிதம் இருக்கிறது. ஒன்பதாவது ஒன்று, சீட் பெல்ட்டின் கடைசிச் சாணில் வண்டல் கோடு என்ற ஒரே வரியுடன் இருந்திருக்க வேண்டும். அந்த ஆசிரியரின் கார் இன்னும் ஓடுகிறதா என்று கேட்க எண்ணைத் தேடி எடுத்தேன். இன்னும் அழைக்கவில்லை.