உம்மாவின் ஏறு நெற்றி

என் உம்மாவுக்கு ஏறு நெற்றி. அது எனக்கு வந்தது. என்னிடமிருந்து என் இளைய மகளுக்குப் போனது. கூடவே, சீப்புக்கு அடங்காத சுருள் முடியும் மூன்று தலைமுறைகளாக எங்களோடு வருகிறது. நாற்பது ஆண்டுகள் தேர்தலும் கடலரிப்பும் காணிப் பிரச்சினையும் எழுதியவன் தலைமுடியைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டானே என்று பழைய நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். இதில் எனக்கு ஒரு கடன் இருக்கிறது.

மகள் சிறு பிள்ளையாக இருந்தபோது, வீட்டுக்கு வருபவர்கள் முன்னால் நான் ஒரு பகிடி விடுவதுண்டு. "எங்கட புள்ளையிட நெத்தியில ஹெலி இறக்கலாம்." யுத்த காலம்; எங்கள் தலைகளுக்கு மேல் ஹெலிகள் பறந்த காலம். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். அந்தப் பகிடியை நான் மறந்து போனேன். அவள் மறக்கவில்லை என்பது அவளுக்குத் திருமணம் நிச்சயமான பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

திருமணத்துக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, ஓர் அழகு நிலையத்தில் முடியை நேராக்கிக்கொண்டு வந்தாள். 'ரீபொண்டிங்' என்கிறார்கள். முதல் இரண்டு வாரம் முடி பட்டு நூலைப் போல வழுக்கிக்கொண்டு நின்றது. ஆனால் சுருள் போனதும் நெற்றி முழுதாக வெளியே வந்துவிட்டது. எதை மறைக்க நினைத்தாளோ அது முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. மூன்றாம் மாதம் முடி இடையில் முறியத் தொடங்கியது. இரண்டு நெற்றிப்பொட்டுகளிலும் மயிர்க்கரை பின்வாங்கியிருப்பதை அப்போதுதான் கவனித்தோம். அதற்கு அந்த மருந்து மட்டும் காரணமல்ல. பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் முடியை இறுக்கி இழுத்துக் கட்டி, அதன் மேல் இறுக்கமான உள்தொப்பி போட்டு, அதன் மேல் முக்காடு குத்திக்கொண்டு போனவள். ஆண்டுக்கணக்கில் இழுபடும் முடி வேரோடு தளர்ந்துவிடும். ஆரம்பத்தில் நிறுத்தினால் திரும்ப முளைக்கும். விட்டுவிட்டால் அந்த இடம் தழும்பாகிப் பிறகு முளைக்காது. நெற்றி பெரிது என்று வெட்கப்பட்டவள், அந்த வெட்கத்தாலேயே அதை இன்னும் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள்.

"வெளியே போனால் முக்காடு மூடும், இதற்கு ஏன் இவ்வளவு கவலை?" என்று என் தம்பி கேட்டார். ஆண்கள் கேட்கக்கூடிய கேள்வி. எங்கள் ஊரில் கல்யாண வீட்டில் பெண்ணைச் சுற்றிப் பெண்கள்தான் இருப்பார்கள். அவர்கள் கண்ணுக்கு எது தப்பும்?

ஓர் இரவு மகள் கேட்டாள்: "உங்கட உம்மாக்கும் இப்படித்தானா வாப்பா? அவங்க என்ன செஞ்ச?"

காட்டுவதற்குப் படம் இல்லை. கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கம் இருந்த எங்கள் பழைய வீட்டோடு, 2004 டிசம்பர் 26ஆம் திகதி அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. உம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஆகவே நினைவிலிருந்துதான் சொன்னேன்.

உம்மா வெள்ளிக்கிழமை காலையில் தலை முழுகுவார். முதல் நாள் இரவே தேங்காயெண்ணெய் வைத்துவிடுவார். செவ்வரத்தை இலையைக் கசக்கி அந்த வழுவழுப்பைத் தலையில் தேய்ப்பார். அது முடியில் இருக்கும்போதே, பல் அகன்ற மரச் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுப்பார். காய்ந்த தலையில் அவர் சீப்பு வைத்ததை நான் பார்த்ததே இல்லை. பிறகு வாப்பாவின் பழைய மருதமுனைச் சாரம் ஒன்று. துவைத்துத் துவைத்து மெதுவாகிப்போனது. அதைத் தலையில் சுற்றி ஈரத்தை ஒற்றி எடுப்பார், தேய்க்க மாட்டார். வகிடு நடுவில் எடுக்காமல் சற்றுச் சரித்து எடுப்பார். முன்பக்கத்தில் இரண்டு கற்றையை விரலில் சுற்றி விடுவார். அவை காய்ந்து நெற்றியின் இருபுறமும் வளைந்து இறங்கும். மீதியைப் பிடரியில் தளர்வாக முடிந்துகொள்வார். அடுப்படியில் குனிந்து நிமிரும்போது அந்த இரண்டு சுருளும் ஆடும். அவருக்கு ஏறு நெற்றி என்பதே, அவர் காய்ச்சலில் கிடந்து வியர்வையில் முடி ஒதுங்கிய ஒரு நாளில்தான் எனக்குத் தெரிந்தது.

இதையெல்லாம் இன்று வெளிநாட்டு நிபுணர்கள் புத்தகமாக எழுதுகிறார்கள். 2001இல் லொரெய்ன் மாசி என்ற சிகையலங்காரப் பெண்மணியின் நூல் அமெரிக்காவில் வந்தது. காய்ந்த சுருளைச் சீவாதே, துவாயால் தேய்க்காதே என்பதெல்லாம் அதன் பாடங்கள். தேங்காயெண்ணெய் முடிக்குள் ஊறிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் ஓர் இந்திய ஆய்வு வெளியாயிற்று. ஆய்வு செய்தவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பத்திரிகைக்காரப் புத்தி.

என் கதை வேறு. இளம் நிருபனாக இருந்தபோது எண்ணெய் தடவிப் பின்னால் படிய வாரினேன். பத்திரிகையில் போடுவதற்குப் படம் எடுத்த ஸ்டூடியோக்காரர், நெற்றி மினுங்குகிறது என்று பவுடர் போட்டார். போதாததற்குக் கழுவியெடுத்த படத்தின் மேல் பென்சிலால் முடி வரைந்தார். அச்சில் அது தலையில் தார் ஊற்றியது போல வந்தது. எங்கள் சலூன்காரர்தான் புத்தி சொன்னார்: "முன்னால நீளமா விடுங்க சேர். அது தானா விழும்." அதற்கு நல்ல உதாரணம் கடலுக்கு அப்பால், இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். 2002இல் அவர் இந்தியக் குடியரசுத் தலைவரானபோது பத்திரிகைகள் அவருடைய தலைமுடியைப் பற்றியும் எழுதின. நடு வகிடெடுத்து இருபுறமும் காதுவரை விழுந்த அந்த நரை அலைகள் நெற்றிப்பொட்டுகளை மூடி நின்றன. அவருடைய நெற்றி பெரிதா சிறிதா என்று யாருக்காவது நினைவிருக்கிறதா?

மகளுடைய முடிக்குத் திரும்புகிறேன். நேராக்கும் மருந்து, முடியின் புரதத்தில் உள்ள கந்தகப் பிணைப்புகளை உடைக்கிறது. சூட்டுக் கோலால் நீட்டிய பிறகு இன்னொரு மருந்து அவற்றை அதே நிலையில் பூட்டிவிடுகிறது. ஆனால் வேரை அது தொடுவதில்லை. புதிதாக முளைப்பது பழைய சுருளாகவே முளைக்கும். மேலே சுருள், கீழே நேர், இரண்டும் சந்திக்கும் இடத்தில் முறிவு. ஆகவே பொறுத்திருந்து, வளர வளர நேரான நுனியைச் சிறிது சிறிதாக வெட்டினோம். திருமணத்தையும் மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டு ஏழு மாதம் தள்ளி வைத்தோம். காரணத்தைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. மாப்பிள்ளையின் தாய் கேட்டுவிட்டு, தன் முக்காட்டை விலக்கித் தன் மயிர்க்கரையை என் மனைவிக்குக் காட்டினாராம்.

முன்முடியை வெட்டியது என் மைத்துனியின் மகள். காய்ந்த பிறகுதான் கத்தரிக்கோல் எடுத்தாள். ஈரத்தில் புருவம் வரை வரும் சுருள், காய்ந்ததும் சுருங்கிப் பாதி நெற்றியில் போய் நின்றுவிடும். கன்ன எலும்பு வரை நீளம் விட்டாள். உச்சியில் மேடாக நிற்காமல் காதுப் பக்கம் அடர்த்தி வரும்படி படிப்படியாகக் குறைத்தாள். உச்சி உயர்ந்தால் முகம் இன்னும் நீளும் என்பது அவள் கணக்கு. உள்தொப்பியை மாற்றித் தளர்வான பருத்தியில் தைத்தோம். ஈரத் தலையில் முக்காடு குத்துவதில்லை என்று ஒரு சட்டமும் வந்தது. ஒலுவில் பல்கலைக்கழகத்துக்குக் காலை பஸ் பிடிக்கும் பிள்ளைக்கு அது எளிதல்ல, ஆகவே தலை முழுகுவது மாலைக்கு மாறியது.

காலநிலையோடு மட்டும் யாரும் வெல்ல முடியாது. கச்சான் அடிக்கும் மாதங்களில் முடி தும்புபோல் காய்ந்து பறக்கும். மார்கழி வாடையில் ஈரத்தைக் குடித்துப் பொங்கும். கச்சானில் எண்ணெய் சற்றுக் கூட, வாடையில் சற்றுக் குறைய; உம்மாவும் அப்படித்தான் செய்தார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். கையை உயர்த்தி மேலிருந்து தொலைபேசியில் படம் எடுத்தால், கமராவுக்குக் கிட்ட இருக்கும் நெற்றி பெருத்துத்தான் விழும். கண் மட்டத்தில், நாலு முழம் தள்ளி நின்று நான் எடுத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"அப்ப ஹெலி இறக்க ஏலாதா வாப்பா?"

நான் மன்னிப்புக் கேட்டேன்.

திருமணம் கடந்த ஆண்டு நடந்தது. கொண்டையைத் தளர்வாக முடிந்து, முன்னால் இரண்டு சுருளை மட்டும் விட்டிருந்தார்கள். அவளைப் பார்ப்பதற்கு ராத்தாவை அறைக்குள் கூட்டிப்போனேன். ராத்தாவுக்கு எண்பது வயது, பார்வையும் மங்கல். வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உம்மாட தலை" என்றார்.