பழைய ஷேப்பரும் பட்டறைக் கல்வியும்

கல்வி என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் நெஞ்சில் தோன்றுவன ஏடும் எழுதுகோலுமே. அரமும் உளியும் தோன்றுவதில்லை. எழுதுகிறவன் கற்றவன், இரும்பை இழைக்கிறவன் கூலிக்காரன் என்று பிரித்துவைக்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாய் வேரூன்றிக் கிடக்கிறது. தோட்டங்களிலோ அப்பிரிவினை கட்டடமாகவே எழுந்து நின்றது: ஆபீஸ் ஒருபுறம், பட்டறை மற்றொருபுறம். ஆங்கிலப் பள்ளியில் பயின்ற யாம், வட சிலாங்கூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாய் இருந்து பேனாவினால் பிழைத்து வருகிறோம். ஆயினும் சில ஆண்டுகளாக எமது ஓய்வு நேரமெல்லாம் ஒரு பழைய ஷேப்பர் இயந்திரத்தோடு கழிகின்றது. அதனால் யாம் கொண்ட கருத்தை ஈண்டு அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

ஷேப்பர் என்பது யாது? தச்சன் இழைப்புளியால் மரத்தை இழைப்பது போல, இரும்பை இழைத்துச் சமதளமாக்கும் பொறியே அது. கடைசல் இயந்திரத்தில் வேலைப்பொருள் சுழலும். ஷேப்பரிலோ பொருள் வைஸில் இறுகப் பிடிபட்டு அசையாது நிற்க, ராம் எனப்படும் கனத்த இரும்புத் தண்டு முன்னும் பின்னும் ஓடி, தன் முனையிலுள்ள ஒற்றை உளியால் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒரு கீற்றுச் செதுக்கும். கீற்று முடிந்ததும், பொருளைத் தாங்கிய மேசை சிறிதளவு பக்கவாட்டில் நகரும். இதனை 1836 ஆம் ஆண்டில் ஆக்கியவர் ஜேம்ஸ் நாஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். ஓவியர் ஒருவரின் புதல்வராகிய அவர், கை கறுக்குமே என்று பட்டறையை வெறுத்தாரில்லை.

இதன் உள்ளமைப்பு எளியது. சுழலும் பெரிய பற்சக்கரத்தின் மீது ஒரு முளை இருக்கிறது. அம்முளை, நீண்ட காடியுடைய ஒரு நெம்புகோலை ஆட்டுகிறது. நெம்புகோல் ராமைத் தள்ளி இழுக்கிறது. செதுக்கும் போக்கில் முளையானது வட்டத்தின் பெரும்பகுதியைக் கடக்க வேண்டும். திரும்பும்போது சிறுபகுதியைக் கடந்தாற் போதும். ஆதலின் வெட்டுகையில் நிதானமும், வேலையின்றித் திரும்புகையில் விரைவும் தாமே அமைகின்றன. திரும்பும் உளி பொருளை அழுத்தி உராயாதபடி, ஒரு சிறு கீல் அதற்கு இடங்கொடுத்து விடுகிறது. மூடியைத் திறந்து பத்து நிமிடம் நோக்கும் எவரும் இதனை அறிந்துகொள்ளலாம்.

இவ்வியந்திரத்திற்கும் நம் தோட்டங்களுக்கும் யாது தொடர்பு என வினவலாம். ரப்பர்ப் பாலை உறையவைத்து, உருளைகளிடையே கொடுத்துத் தகடாக்கிப் புகையறையில் தொங்கவிட்ட காலத்தில், அவ்வுருளைகளைச் சுழற்றியவை பற்சக்கரங்கள். பற்சக்கரம் தண்டின்மீது வழுக்காதிருக்க இரண்டுக்கும் இடையே ஓர் இரும்பு ஆப்பு வேண்டும். ஆப்பு அமர ஒரு காடி வேண்டும். சக்கரத்துளையின் உட்புறத்தில் அக்காடியை வெட்ட ஷேப்பர் ஏற்ற கருவி. பெயரிலேயே தமிழைத் தாங்கிய தென்னமரம் தோட்டத்தில் 1917 இல் ஹென்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனையைப் பயிரிட்டார். செம்பனை பெருகப் பெருக எண்ணெய் ஆலைகளும் பெருகின. அவற்றுக்கும் பட்டறை இன்றியமையாததாயிற்று. 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்து ஈயக் கப்பல்களுக்கும் அவ்வாறே.

பின்னர்க் காலம் மாறிற்று. 1985 இல் உலக ஈயச் சந்தை சரிந்தது. பல தோட்டங்களில் ரப்பர் மரங்கள் வீழ்ந்தன. நம் மக்கள் லயங்களை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்தனர். தொழிற்சாலைகளில் ஷேப்பரின் இடத்தை மில்லிங் இயந்திரமும், அதன் பின்னர் கணினி இயக்கும் இயந்திரமும் பிடித்துக்கொண்டன. பழைய பொறிகள் எடைபோட்டு விற்கப்பட்டன.

அவ்வாறு பழைய இரும்புக் கடைக்கு வந்த சிறிய ஷேப்பர் ஒன்றை யாம் இரும்பின் விலைக்கே வாங்கினோம். பெயர்த்தகடு கழன்று போயிருந்தமையால் அதன் ஊரும் பேரும் தெரியவில்லை. ஆற்றுமுகத்து உப்புக்காற்றில் துரு ஏறி, ராம் அசைய மறுத்தது. எம்மிடம் ஆங்கில நூல் ஒன்று இருந்தது. ஆனால் நூலுக்குக் கை இல்லையே! புக்கிட் ரோத்தானில் ஓய்வாயிருந்த பழைய பிட்டர் ஒருவரைத் தேடிச் சென்றோம். யாம் கருதியதைக் கூறியதும் அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "கிராணி ஐயா, முப்பது வருஷம் அந்த மிஷினில் நின்றேன். என்னிடம் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்த முதல் ஆள் நீங்கள்தான்" என்றார்.

அன்று முதல் ஞாயிறுதோறும் அவர் எமக்கு ஆசான். உறுப்புகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்தோம். சலவைச் சோடா கரைத்த நீரில் துருப்பிடித்த உறுப்பை மின்கலச் சார்ஜரின் எதிர்முனையிலும், ஒரு பழைய இரும்புத் தகட்டை நேர்முனையிலும் இணைத்துத் துருவை நீக்கினோம். தகடு துருவேறா எஃகாய் இருத்தல் ஆகாது. நச்சுப்பொருள் நீரில் கலக்கும். காற்றோட்டமுள்ள வெளியிலன்றி இதனைச் செய்தலும் ஆகாது. பின்னர் ராம் ஓடும் தடங்களைச் சோதித்தோம். பெரும்பாலும் குறுகிய ஓட்டமே ஓடியதால் நடுப்பகுதி தேய்ந்து, ஓரங்கள் மேடாய் நின்றன. சமதளமான கட்டையில் நீலச்சாயம் மெல்லப் பூசித் தடத்தின்மேல் தேய்த்தால், மேட்டில் மட்டும் நீலம் ஒட்டும். அம்மேட்டைச் சுரண்டுகோலால் நீக்கி, மீண்டும் சாயம் பூசி, மீண்டும் சுரண்ட வேண்டும். எத்துணை முறை என்று எம் நூல் கூறவில்லை. பெரியவர் கண்ணை மூடி விரலால் தடவி, "இன்னும் இருக்கிறது" என்பார். நீலத்தைப் பூசிப் பார்த்தால் அவ்விடத்திலேயே மேடு இருக்கும்.

மாற்றங்களும் சில செய்தோம். முன்னாளில் கூரையடியே ஓடிய நெடுந்தண்டிலிருந்து தோல்வார் வழியாக இதற்கு ஆற்றல் வந்தது. யாம் வீட்டு மின்சாரத்தில் ஓடும் அரைக் குதிரைத்திறன் மோட்டாரையும், வேகத்தைக் குறைக்கும் இடைத்தண்டு ஒன்றையும் தனிச் சட்டத்தில் பொருத்தினோம். பழைய வார்ப்பில் ஒரு துளையும் இடவில்லை. வேண்டுமெனில் நாளை அதனைப் பழையபடியே நிறுத்தலாம். வார்ப்பட்டைக்குக் கூண்டும், தெறிக்கும் சீவலுக்குத் தடுப்பும், கைக்கெட்டும் இடத்தில் சிவப்பு நிறுத்துவிசையும் அமைத்தோம். ராம் பின்னோக்கி வந்து மனிதனைச் சுவரோடு நசுக்கவல்லது; ஆதலால் அதன் பின்புறத் தரையில் மஞ்சள் கோடு வரைந்து, ஓடும்போது அதனை ஒருவரும் தாண்டலாகாதென விதித்தோம். முதல் வேலையாகத் தஞ்சோங் காராங் நெல்வயலுக்குரிய பழைய நீர்ப்பம்பின் கப்பிக்குக் காடி வெட்டினோம். பம்பு ஓடிற்று.

"இத்தனை பாடு எதற்கு? புதியது வாங்கலாமே" என்பர் நண்பர். வாங்கலாம், வேகமும் மிகுதியே. ஆனால் ஷேப்பருக்கு வேண்டிய உளியை ஒரு துண்டு எஃகிலிருந்து நாமே தீட்டிக்கொள்ளலாம். மேல்நாடுகளில் ஷெப்பீல்டு நகரத்து அடெப்ட், அமெரிக்கத்து அட்லஸ் முதலிய சிறு ஷேப்பர்களை வீட்டுப் பட்டறையாளர் இன்றும் தேடிப் புதுப்பிக்கின்றனர். டேவிட் ஜிஞ்செரி என்னும் அமெரிக்கர், கழிவு அலுமினியத்தை உருக்கி வார்த்து வீட்டிலேயே ஷேப்பர் செய்யும் முறையை நூலாகவே எழுதினார். நம் தமிழகத்திலும் பள்ளிப்படிப்பு மிகாத ஜி. டி. நாயுடு கோயம்புத்தூரில் பொறிகளைக் கழற்றிப் பூட்டியே பெரும்பொறியாளர் ஆனார் அன்றோ?

யாம் கூற விழைவது இதுவே. எம்மிடம் நூல் இருந்தது. பெரியவரிடம் விரல் இருந்தது. இரண்டும் கூடியபோதே பொறி ஓடிற்று. தோட்டத்துச் செக்ரோலில் அவருக்கு நாள்தோறும் பேர் விழுந்தது. அவர் அறிந்தது எந்த ஏட்டிலும் விழவில்லை. இரும்பு துருவேறினால் சுரண்டி மீட்கலாம். மனிதன் மறைந்தால் அவன் விரலறிந்த வித்தையை எந்தச் சோடா நீரில் ஊறவைத்து மீட்பது?

எனவே அன்பர்காள், உங்கள் ஊரிலும் ஒரு பழைய பிட்டரோ, கடைசல்காரரோ, கொல்லரோ இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவரிடம் செல்லுங்கள். அவர் கூறுவதை அவர் சொற்களிலேயே தமிழில் எழுதிவையுங்கள். அவரை ஆசான் என்றே அழையுங்கள். அதற்கு அவர் உரியவர்.