இருபது வரிகள் கற்பித்த பாடம்

விடுமுறை என்றதும் நம்மில் பலருக்கும் உறவினர் வீடும் நீண்ட உறக்கமுமே நினைவுக்கு வரும். சென்ற அரையாண்டு விடுமுறையில் எனக்கு வாய்த்தவை ஒரு கறுப்புத் திரையும், அதில் நான் எழுதிய இருபது வரி நிரலும். அவ்வரிகள் எனக்குக் கற்பித்த பாடத்தை என் அருமைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கணிப்பொறியோடு மனிதன் உரையாடுவது நேற்றுத் தொடங்கியதன்று. 1966-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் என்னும் அறிஞர், 'எலிசா' என்ற உரையாடும் நிரலைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். நாம் தட்டச்சு செய்வதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும் எளிய நிரல் அது. ஆயினும் அவருடைய செயலாளரே அதனுடன் தனியே பேச விரும்பி, அவரைச் சற்று வெளியே இருக்கும்படி கேட்டுக்கொண்டாராம்! 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இத்தகைய உரையாடல் பலருக்கும் பழக்கமாகிவிட்டது. அதை நானே என் கையால் அமைத்துப் பார்க்க ஆசைப்பட்டேன்.

கணிப்பொறித் துறையில் பணியாற்றும் என் அண்ணன் பைத்தான் மொழியில் வழிகாட்டினார். படமோ பொத்தானோ இல்லாத வெறும் கட்டளைத் திரை அது. நான் தட்டும் வரியை வாங்கு. அதைச் செயற்கை நுண்ணறிவுக்கு அனுப்பு. வந்த பதிலைத் திரையில் காட்டு. மீண்டும் முதலுக்குப் போ. 'போதும்' என்று தட்டினால் நின்றுவிடு. நிரல் முழுவதும் இவ்வளவே! அண்ணன் தம் கணக்கின் இரகசியச் சாவியை மட்டும் நிரலுக்குள் எழுத விடவில்லை. "நிரலை யாருக்காவது கொடுத்தால் சாவியும் போய்விடும்; செலவு என் தலையில்தான் விழும்" என்று சொல்லி, அதைக் கணிப்பொறியில் வேறிடத்தில் வைத்தார்.

"எனக்கு வேதியியல் என்றால் பயம்" என்று தட்டினேன். அழகாக ஆறுதல் சொன்னது. "எனக்கு எந்தப் பாடம் பயம்?" என்று அடுத்துக் கேட்டேன். "நீங்கள் அதைச் சொல்லவில்லையே" என்றது! நான் திகைத்தேன். அண்ணன் சிரித்தார். "நீ அனுப்பிய வரியில் உள்ளது மட்டுமே அதற்குத் தெரியும். முன்னே பேசியதை அது வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறையும் நாம்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்" என்றார்.

எனவே ஒரு பட்டியல் அமைத்தோம். யார் சொன்னது, என்ன சொன்னது என்று ஒவ்வொரு வரியும் அதில் சேரும். பத்தாவது கேள்வியை அனுப்பும்போது முந்தைய ஒன்பது கேள்விகளும் பதில்களும் உடன் செல்லும். பேச்சு நீள நீளச் செலவும் கூடும். நிரலை மூடினால் பட்டியலும் அழிந்துபோகும் என்பதால், அதைக் கோப்பில் சேமிக்கவும் வரிகள் எழுதினேன். இதற்கே இரண்டு நாட்கள் ஆயின. எனக்குச் சிறிதும் சலிப்புத் தட்டவில்லை.

அந்நாட்களில் எங்கள் பாட்டி வீட்டில் இருந்தார். சில ஆண்டுகளாக அவருக்கு மறதி நோய். என் அருகில் வந்து, "கண்ணு, நீ எத்தனாவது படிக்கிறே?" என்று கேட்பார். சொல்வேன். பத்து நிமிடத்தில் மறுபடியும் வந்து அதையே கேட்பார். கோப்பில் சேமிக்கும் வரி பிழையாகிக் கொண்டிருந்த மாலையில், நான்காம் முறையாகக் கேட்டார். "இப்பத்தானே சொன்னேன்! எத்தனை தடவை சொல்றது?" என்று சீறிவிட்டேன். "சொன்னியாம்மா? மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, மெல்லக் கட்டிலுக்குத் திரும்பினார்.

திரையைப் பார்த்தேன். ஓர் இயந்திரத்துக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல இரண்டு நாள் பாடுபட்ட எனக்கு, என்னைத் தூக்கி வளர்த்தவருக்கு ஒரு வரியைத் திருப்பிச் சொல்லப் பொறுமை இல்லை. வெட்கத்தால் என் கண்கள் கலங்கின.

பாட்டியின் கட்டிலில் போய் அமர்ந்தேன். "பாட்டி, நான் பதினோராவது படிக்கிறேன். முதல் நாள் நீங்கதான் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டு வந்தீங்க. நான் வாசல்ல நின்னு அழுதேன்" என்றேன். பாட்டியின் முகம் மலர்ந்தது. "ஆமா, கமர்கட்டு வாங்கிக் கொடுத்தப்புறந்தானே உள்ளே போனே!" என்றார். கமர்கட்டை நான் சொல்லவில்லை. அது எனக்கே நினைவில்லாத செய்தி!

மறுநாள் காலையில் பாட்டி மீண்டும் அதே கேள்வியைக் கேட்டார். நானும் கமர்கட்டையும் சேர்த்து முதலிலிருந்து சொன்னேன். இன்றும் சொல்லி வருகிறேன்.

தோழியரே! நிரல் எழுதக் கற்போம். அது நம் அறிவை வளர்க்கும் நல்ல கலை. ஆனால் நம் வீட்டு முதியவர் ஒருவர் கேட்டதையே மறுபடி கேட்டால், கையிலுள்ளதை வைத்துவிட்டு முகம் கோணாமல் முதலிலிருந்து சொல்வோம்.

— பதினோராம் வகுப்பு மாணவி