முழு இருதயம்னா எவ்வளவு?

சன்டே ஸ்கூல்ல நான் ஒப்பிச்சு பென்சில் பாக்ஸ் பரிசு வாங்கின வசனம் உபாகமம் 6:5. கர்த்தர்மேல் முழு இருதயம், முழு ஆத்துமா, முழு பலத்தோட அன்புகூரணும்னு வருமே, அதேதான். மாற்கு 12-ல இயேசு சொல்லும்போது மனசும் சேர்ந்து நாலாகிடும். மூணா நாலான்னு குழம்பி ரெண்டாவது பரிசு வாங்கினவன் இன்னைக்கு ஒரு சபையில பாஸ்டர். நான் எர்ணாவூர்ல காணிக்கை எண்ணிக்கிட்டிருக்கேன் :-)

இந்த எண்ணுற வேலையில வந்ததுதான் இந்தக் கதை.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெயும் சேர்ந்து பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணூர் முகத்துவாரத்துல வந்து படிஞ்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்க குப்பத்து ஆளுங்க பக்கெட், மக்கு வச்சு மொண்டு எடுத்தாங்க. படகு, வலை, கை, கால் எல்லாம் கறுப்பு. எண்ணூர் மீனுன்னு சொன்னாலே வாங்க ஆளில்லை.

மூணாவது ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு காணிக்கைப் பையைக் கொட்டினேன். ஒரு கவர்ல 120 ரூபாய். கவர் மேல கறுப்பா ஒரு கட்டைவிரல் ரேகை. யாருதுன்னு பேரைப் படிக்காமலே தெரிஞ்சுபோச்சு. கூடையில மீன் விக்கிற அக்கா. வீட்டுக்காரர் அந்த வாரம் முழுக்க எண்ணெய் அள்ளிட்டிருந்தார். வலை ரெண்டும் போச்சு. என் பங்கு? வழக்கமான 50 ரூபாய் நோட்டு. வருஷக்கணக்கா அதே 50.

(இதைக் காட்டி ஏழைங்ககிட்ட காணிக்கை கறக்குற பிரசங்கம் எனக்குச் சுத்தமா ஆகாது. அதுக்காக இதைச் சொல்லலை.)

கவரை எடுத்துக்கிட்டு நேரா அவங்க வீட்டுக்குப் போனேன். "அக்கா, இந்த மாசம் வேணாமே."

"நான் உனக்கா குடுத்தேன், நீ வேணாம்னு சொல்றதுக்கு?"

வாயை மூடிக்கிட்டு வந்திருக்கலாம். கேட்டுட்டேன். "அவர் மேல கோவமே இல்லையாக்கா?"

"ஏன் இல்லாம? காலைல முட்டி போட்டுக்கினு நல்லா திட்டிட்டுதான் கோயிலுக்கு வந்தேன். வேற யார்கிட்ட போய்க் கத்துறது?"

"அப்புறம் காணிக்கை?"

"திட்டுறது வேற தம்பி. இத்தினி நாளு கஞ்சி ஊத்துனவரை மறக்கறது வேற."

எனக்கு அப்பதான் எப்பவோ படிச்ச ஒண்ணு உறைச்சது. யூதர்களோட மிஷ்னாவுல, பெராகோத்னு ஒரு பகுதியில, இந்த வசனத்துக்கு விளக்கம் இருக்கு. முழு இருதயம்னா உள்ளே இருக்கிற நல்ல நாட்டம், கெட்ட நாட்டம் ரெண்டோடும். முழு ஆத்துமான்னா உயிரே போனாலும். முழு பலம்னா உன் காசு பணத்தோடன்னு. நாம 'பலம்'னு படிக்கிற இடத்துல எபிரெயத்துல இருக்கிறது 'மெயோத்'. சாதாரணமா அதுக்கு 'மிகவும்'னு அர்த்தம். நம்ம தமிழ் பைபிள்லயும் வெறும் 'அன்பு' இல்லையே, 'அன்புகூருதல்'னுதானே இருக்கு? கூர்ப்புன்னா ஏற்கெனவே உள்ளது மிகுதியாகிறதுன்னு தொல்காப்பியம் உரியியல் சொல்லுது. அப்படின்னா புதுசா எங்கிருந்தோ கொண்டுவர வேண்டியதில்லை. இருக்கிறதைத்தான் எதையும் ஒளிச்சு வைக்காம கொண்டுபோகணும்.

நான் ஒளிச்சு வச்சிருந்தது 50 ரூபாய்க்கு மேல உள்ள நோட்டுகளை மட்டும் இல்லை. 2019-ல அப்பா போனார். ஆஸ்பத்திரி வராண்டாவுல ராத்திரி பூரா ஜெபம் பண்ணினேன். விடியக்காலை போயிட்டார். அன்னையிலிருந்து நானும் கடவுளும் ரொம்ப மரியாதையா இருந்தோம், பேச்சுவார்த்தை முறிஞ்ச பங்காளிங்க கல்யாண வீட்டுல கும்பிடு போட்டுக்கிற மாதிரி. ஸ்தோத்திரம் சொல்லுவேன், பாட்டு பாடுவேன், காணிக்கை எண்ணுவேன். அந்த ராத்திரியைப் பத்தி மட்டும் வாயே திறந்ததில்லை. அதைத்தான் பக்தின்னும் நினைச்சுட்டிருந்தேன்.

அன்னைக்கு ராத்திரி மொட்டை மாடிக்குப் போனேன். காத்துல இன்னும் எண்ணெய் வாடை. "ஏன் அப்படிப் பண்ணினீங்க?"ன்னு மெதுவாத்தான் ஆரம்பிச்சேன். அப்புறம் 'நீங்க' எப்போ 'நீ' ஆச்சுன்னு தெரியலை.

கொஞ்ச நேரத்துல படிக்கட்டுலேருந்து வீட்டுக்காரம்மா குரல்.

"யார்கிட்டங்க போன்ல இப்படிக் கத்துறீங்க?"

போன் கீழே சார்ஜ்ல இருந்தது.